வீட்டுப் புத்தகங்களை இணையத்தில் பட்டியலிடுவது எப்படி: தமிழ் நூல் சேகரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் புத்தகங்கள் சில நூறைத் தாண்டிவிட்டால் நினைவை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தையே புத்தகக் காட்சியில் மறுபடி வாங்கி வருவோம். யாருக்குக் கொடுத்தோம், திரும்பி வந்ததா என்பது மறந்துபோகும். தேவைப்படும் நேரத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது.

இந்தப் பட்டியல் வேலையைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மென்பொருள் புரியாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து களைத்தவர்கள்தான் அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பதிவு தொடங்கும் முன்பு செய்ய வேண்டியவை முதல் ஐந்து படிகளில் உள்ளன; 11-ஆம் படியில் சொல்லும் குறிச்சொல் பட்டியலை மட்டும் அவற்றோடு சேர்த்து எழுதிவிடுங்கள். அவற்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1. பட்டியல் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று அல்லது நான்கு கேள்விகள் எழுதினால் போதும். ‘இந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறதா?’, ‘எந்தத் தட்டில்?’, ‘யாரிடம் போயிருக்கிறது?’, ‘இது எந்தப் பதிப்பு?’ என்பவை பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? மென்பொருளில் நிரப்புவதற்கு ஏராளமான கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் நிரப்பப் புறப்பட்டால் ஒரு புத்தகத்துக்குக் கால் மணி நேரம் போய்விடும். உங்கள் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் தராத கட்டத்தைக் காலியாக விடுங்கள். பக்க எண்ணிக்கை, எடை, நீள அகலம் எல்லாம் வீட்டு நூலகத்துக்கு அநேகமாக வேண்டியதில்லை.

2. மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று தகுதிகளைப் பாருங்கள். தமிழ் எழுத்தில் கையால் பதிய முடிய வேண்டும். புத்தக எண்ணிக்கைக்குத் தடை இருக்கக் கூடாது. முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். வெளியே எடுக்க முடியாத பட்டியல், அந்த நிறுவனம் கடையை மூடும் நாளில் உங்களுடையதாக இருக்காது.

நான் பரிந்துரைப்பது லைப்ரரிதிங். 2005 முதல் நடக்கும் தளம் இது. முன்பு 200 புத்தகங்களுக்கு மேல் கட்டணம் கேட்டார்கள். 2020 முதல் தனிநபர்களுக்கு எண்ணிக்கை வரம்பின்றி இலவசம். உலகெங்கும் உள்ள நூலகங்களின் பட்டியல்களில் தேடி விவரத்தை இழுத்துவரும். கைப்பேசிச் செயலியில் பார்கோடை ஸ்கேன் செய்யும் வசதியும் உண்டு. குட்ரீட்ஸ் வாசித்ததைக் குறித்துவைக்கவும் மதிப்புரை எழுதவும் நல்லது. ஆனால் ‘என் வீட்டில், இந்தத் தட்டில், இந்தப் பிரதி’ என்ற கணக்குக்கு அது அவ்வளவு தோதாக இல்லை. வேறு தளத்தை எடுத்தாலும் கீழே வரும் படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

கணக்கு தொடங்கியதும் அமைப்புகளுக்குப் போய், பட்டியல் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள். லைப்ரரிதிங் கணக்கு இயல்பாகப் பொதுப்பார்வையில் இருக்கும். பழைய முதற்பதிப்புகள் வைத்திருப்பவர்கள் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றிக்கொள்வது நல்லது. யாருக்கு இரவல் கொடுத்தீர்கள் என்பது போன்ற குறிப்புகளைப் பொதுக் குறிப்புக் கட்டத்தில் எழுதாமல், ‘பிரைவேட் கமெண்ட்ஸ்’ கட்டத்தில் எழுதுங்கள்.

3. தட்டுகளுக்குப் பெயர் வையுங்கள், புத்தகங்களைத் தொடாதீர்கள்

அதிகம் பேர் இடறி விழுவது இங்கேதான். பட்டியல் போடுவதற்கு முன் புத்தகங்களை வகைபிரிக்க வேண்டும் என்று நினைத்து, எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்புகிறார்கள். கவிதை ஒரு குவியல், நாவல் ஒரு குவியல், கட்டுரை ஒரு குவியல். இரண்டு நாளில் விருந்தாளி வருவார். குவியல்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். அதோடு வேலை நின்றுவிடும்.

இப்போது இருக்கும் இடத்திலேயே, இருக்கும் வரிசையிலேயே பதியுங்கள். பட்டியல் முடிந்த பிறகு எந்த வகையில் எத்தனை இருக்கின்றன என்று திரையிலேயே தெரிந்துவிடும். அதை வைத்து அலமாரியை ஒரே முறை அடுக்கினால் போதும்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குறியீடு கொடுங்கள். கூடத்தில் உள்ள முதல் அலமாரியின் மூன்றாம் தட்டு என்றால் ‘இட-கூடம்-01-03’. பரண், பீரோ, கட்டிலடிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே முறை. எல்லாக் குறியீடுகளும் ‘இட’ என்று தொடங்குவதால் பட்டியலில் அவை ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும். 1 என்று எழுதாமல் 01 என்று எழுதுவதால் பத்தாவது தட்டு இரண்டாவதற்கு முன்னால் வந்து நிற்காது. இந்தக் குறியீட்டைப் புத்தகத்தின் குறிச்சொல்லாக, அதாவது தேடி எடுப்பதற்காகப் பதிவோடு ஒட்டும் அடையாளச் சொல்லாகப் பதியப்போகிறோம். ஆகவே அதற்குள் காற்புள்ளி போடாதீர்கள். லைப்ரரிதிங் காற்புள்ளியை இரண்டு குறிச்சொற்களைப் பிரிக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

4. ஆசிரியர் பெயருக்கு விதி எழுதுங்கள்

‘கி. ராஜநாராயணன்’, ‘கி.ராஜநாராயணன்’, ‘கி.ரா.’, ‘ராஜநாராயணன், கி.’ ஆகிய நான்கும் நமக்கு ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். முதல் ஐம்பது புத்தகங்களில் இது தெரியாது. ஐந்நூறைத் தாண்டும்போது ஒரே எழுத்தாளரின் புத்தகங்கள் பட்டியலில் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். பின்னால் திருத்துவது புதிதாகப் பதிவதைவிடப் பெரிய வேலை.

நான் பின்பற்றும் விதிகள் இவை. அட்டையில் உள்ள பெயரையே எழுத வேண்டும். புனைபெயர் என்றால் புனைபெயர்தான். கல்கி என்று அட்டையில் இருந்தால் கல்கி; ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடிப்போக வேண்டாம். ஒரே எழுத்தாளர் வெவ்வேறு அட்டைகளில் வெவ்வேறு பெயரில் வந்தால், உங்களிடம் அதிகம் உள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் அதையே போடுங்கள். தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி.

அடுத்தது குடும்பப்பெயர்ச் சிக்கல். இத்தகைய தளங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்து வரிசைப்படுத்தும். தலைப்பெழுத்து உள்ள பெயருக்கு இது பிழையில்லாமல் அமைந்துவிடும்: ‘ராஜநாராயணன், கி.’ என்று வரும். ஆனால் ‘சுந்தர ராமசாமி’ என்பதை ‘ராமசாமி, சுந்தர’ என்று மாற்றி ரகர வரிசையில் வைத்துவிடும். நாம் அவரைச் சகரத்தில்தான் தேடுவோம். இத்தகைய பெயர்களைப் பதிந்தவுடன் திருத்துப் பக்கத்தைத் திறந்து, நடுவில் காற்புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு நூலில் மூல ஆசிரியர்தான் முதன்மை ஆசிரியர். மொழிபெயர்த்தவரை ‘பிற ஆசிரியர்கள்’ பகுதியில் சேர்த்து, பங்கு என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று குறியுங்கள். தொகுத்தவர், பதிப்பித்தவர், உரை எழுதியவருக்கும் அதே இடம்தான். சங்க நூல்களில் உரையாசிரியர் பெயர் விட்டுப்போனால் உங்களிடம் உள்ள இரண்டு உரைகளைப் பிரித்தறிய வழியே இல்லை.

இந்த விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி, பதியும் மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். வீட்டில் இன்னொருவர் உதவிக்கு வரும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

5. கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழைகள்

தேடல் பெட்டியில் பெயரைச் சரியாகத்தான் தட்டச்சு செய்கிறீர்கள், புத்தகம் வரவில்லை. புத்தகமோ பட்டியலில் இருக்கிறது. தமிழில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே தோற்றம் கொண்ட இரண்டு எழுத்துகள்.

முதலாவது ‘ஔ’. இது தனி எழுத்து. ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டாலும் ஏறக்குறைய அப்படியே தெரியும். ஔவையார் பெயரை ஒரு முறை இப்படியும் இன்னொரு முறை அப்படியும் பதிந்தால் கணினிக்கு இரண்டு ஔவையார். ‘கௌ’, ‘சௌ’, ‘மௌ’ போன்றவற்றிலும் இதே கதை: ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ விழுந்துவிடும்.

இரண்டாவது ‘ஸ்ரீ’. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இதை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று வழக்கமான ‘ஸ’வில் தொடங்கும், மற்றது 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது அதைச் செய்தவரைப் பொறுத்தது.

மூன்றாவது, துணைக்காலும் ரகரமும். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போதும், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போதும் ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்துவிடும்.

தீர்வு எளிது. ஒரே விசைப்பலகையில் தட்டச்சு செய்யுங்கள். கைப்பேசியில் ஒன்றும் கணினியில் வேறொன்றும் வைத்திருந்தால், இரண்டிலும் ‘ஸ்ரீ’யையும் ‘ஔ’வையும் தட்டச்சு செய்து, ஒன்றால் தேடினால் மற்றது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

6. இருபது புத்தகங்களை வைத்து ஒத்திகை

ஒரே தட்டிலிருந்து எடுக்காமல், சிக்கலானவையாகத் தேடி எடுங்கள். புதிய நாவல் ஒன்று, 1960-களின் பழைய பதிப்பு ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று, பல பாகங்களாக வந்த தொடர் ஒன்று, பலர் எழுதிய தொகுப்பு ஒன்று, தீபாவளி மலர் ஒன்று, இலங்கையில் அச்சான நூல் ஒன்று, ஓர் ஆங்கில நூல்.

அவற்றைப் பதிந்த பிறகு, முதல் படியில் எழுதிய கேள்விகளைப் பட்டியலிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராத இடத்தில் விதியை மாற்றுங்கள். இருபது பதிவுகளைத் திருத்துவது கால் மணி நேர வேலை. இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர்கள் எல்லோரும் பாதி வழியில் விதியை மாற்றினார்கள். விளைவு, முதல் பாதி ஒரு முறையிலும் மறுபாதி வேறு முறையிலும் நின்றது.

7. ஐஎஸ்பிஎன் (நூல்களுக்கான சர்வதேசத் தர எண்) உள்ள புத்தகங்கள்

இப்போது உண்மையான பதிவு. ஒரு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆட் புக்ஸ்’ பக்கத்தில் குறிச்சொல் கட்டத்தில் அந்தத் தட்டின் இடக்குறியீட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். கைப்பேசியால் ஸ்கேன் செய்தவற்றை, பிறகு கணினியில் ‘பவர் எடிட்’ மூலம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் இடக்குறியீடு சேர்க்கலாம்.

பின்னட்டைப் பார்கோடு 978 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். 890 என்று தொடங்கினால் அது இந்தியச் சரக்குகளுக்கான பொதுக் குறியீடு. புத்தக எண் இல்லை. சில கடைகள் தங்கள் பார்கோடு ஸ்டிக்கரைப் பதிப்பாளரின் பார்கோடு மேலேயே ஒட்டிவிடுகின்றன. அப்போது உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

இந்திய நூல்களின் எண்ணில் 978-க்குப் பின் 81 அல்லது 93 வரும். இலங்கைக்கு 955 அல்லது 624. 2007-க்கு முந்தைய நூல்களில் பெரும்பாலும் பத்து இலக்க எண்தான் இருக்கும். அதன் முன்னால் நீங்களாக 978 சேர்த்துப் பதின்மூன்று இலக்கமாக்க வேண்டாம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முன்னால் 978 சேரும்போது அதையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். பத்து இலக்கத்தை அப்படியே கொடுங்கள், மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

வந்த விவரத்தைப் பார்க்காமல் ‘சேர்’ என்று அழுத்துவதுதான் இந்தப் படியில் பெரிய பிழை. ஒரே ஐஎஸ்பிஎன்-ஐ இரண்டு மூன்று புத்தகங்களில் அச்சிட்ட சிறு பதிப்பகங்கள் உண்டு. பல பாகத் தொடரில் எல்லாப் பாகத்துக்கும் ஒரே எண் போட்டவையும் உண்டு. தலைப்பைக் கையில் உள்ள அட்டையோடு ஒரு கணம் ஒப்பிடுங்கள்.

எண்ணைக் கொடுத்தும் எதுவும் வரவில்லை என்றால், தேடும் மூலத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே தமிழ் நூல்கள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. ஆனால் பெயரெல்லாம் ரோமன் எழுத்தில், நூலகங்களுக்கே உரிய ஒலிபெயர்ப்பு முறையில் இருக்கும். நாம் கைப்பேசியில் தமிழை ஆங்கிலத்தில் அடிப்பது போல அடித்தால் கிடைக்காது. அந்த முறை உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. ககரம் எங்கே வந்தாலும் ‘கே’தான். சகரம் எங்கே வந்தாலும் ‘சி’தான், ‘எஸ்’ வராது. தகரத்தோடு ‘எச்’ சேராது. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதில்லை. ‘சிறுகதைகள்’ என்று தேட வேண்டுமானால் சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டீ, ஏ, ஐ, கே, ஏ, எல் என்று அடிக்க வேண்டும். எழுத்தின் மேலும் கீழும் வரும் புள்ளிகளையும் கோடுகளையும் விட்டுவிட்டுத் தேடினாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

அப்படி இழுத்துவந்த பதிவில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் உடனே தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பட்டியலில் பாதி ரோமனிலும் பாதி தமிழிலும் நிற்கும். ஆசிரியர் வரிசை இரண்டாக உடையும்.

8. எண் இல்லாத புத்தகங்களைக் கையால் பதிதல்

தமிழ்ச் சேகரிப்பில் இந்தக் கூட்டம் பெரிது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஆகவே ஸ்கேன் செய்யும் நாளையும் கையால் பதியும் நாளையும் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் உள்ளவற்றை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, மீந்தவற்றின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். அடுத்த நாள் திரும்பியிருப்பவை மட்டும் கையால் பதிய வேண்டியவை. இரண்டையும் மாறி மாறிச் செய்தால் கையில் வேகம் வராது.

அட்டையைப் பார்த்துப் பதியாதீர்கள். உள்ளே உள்ள தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். அட்டையில் இடம் இல்லாமல் தலைப்பைச் சுருக்கியிருப்பார்கள். மறு அச்சில் அட்டை மாறியிருக்கும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், பதிப்பு, ஆண்டு, மொழி இவ்வளவும் போதும்.

ஆண்டு எழுதும்போது கவனம் வேண்டும். ‘முதற் பதிப்பு 1965, ஆறாம் பதிப்பு 1994’ என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பது 1994. 1965-ஐக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். முதற் பதிப்பின் ஆண்டை எல்லாவற்றுக்கும் போட்டுவைத்தவர்கள், பிறகு எது உண்மையான முதற்பதிப்பு என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய நூல்களின் விவரத்தைச் சரிபார்க்க மூன்று இடங்கள் உதவும்: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் திட்டத்தின் தளம்.

9. ஆண்டு அச்சிடாத புத்தகத்தின் காலத்தைக் கண்டுபிடித்தல்

இதைத் தவிர்த்துவிட்டும் பட்டியல் போடலாம். ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை இது. பழைய நூல் வைத்திருப்பவர்களுக்குப் பயன் மிகுந்ததும்கூட.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘ந.பை.’ என்று இருந்தால், நயா பைசா என்ற பெயர் வழங்கிய 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

பதிப்பகத்தின் முகவரியைப் பாருங்கள். ‘சென்னை-17’ என்று வெறும் வட்ட எண் இருந்தால் அநேகமாகப் பழையது. ‘சென்னை-600 017’ என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே அன்றுதான். முதல் வகையில் சற்று இடம்விட்டுக் கணக்கிடுங்கள். பழக்கம் காரணமாகச் சில பதிப்பகங்கள் வெகுநாள் பழைய முகவரியையே அச்சிட்டன.

எழுத்து வடிவத்தைப் பாருங்கள். லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை வைத்தும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம். அரசாணை வந்தவுடன் எல்லா அச்சகமும் எழுத்தை மாற்றிவிடவில்லை. இலங்கையிலும் மற்ற நாடுகளிலும் இன்னும் தாமதமாகவே மாறியது. அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் போன்றோரின் நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். அதிலிருந்து 31-ஐக் கழியுங்கள்: திருவள்ளுவர் ஆண்டு 2000 என்றால் 1969. முன்னுரையின் அடியில் ‘பார்த்திப, தை’ என்பது போல் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1945-46 ஆகலாம், 2005-06 ஆகலாம். தாளைத் தொட்டாலே எது என்று தெரிந்துவிடும். முதற்பதிப்பின் முன்னுரையை மறு அச்சிலும் அப்படியே வைத்திருப்பார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முன்னுரைத் தேதி ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று சொல்லும், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் யாரோ கையெழுத்திட்டுக் கொடுத்த தேதியும், நூலக முத்திரையின் தேதியும் ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே காலம் சிக்கிவிடும்.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் போன்றவற்றின் தமிழ் நூல்களில் முன்பக்கத்தில் ஆண்டைக் காணோம் என்றால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ரஷ்ய மொழியில் உள்ள அச்சு விவரத்துக்குள் ஆண்டு இருக்கும்.

இப்படி ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் ‘[1960 வாக்கில்]’ என்று எழுதுங்கள். நூலகர்கள் கையாளும் வழக்கம் இது. நூலில் அச்சானது எது, நீங்கள் கணித்தது எது என்பது பிற்பாடு பார்ப்பவருக்குப் புரியும். எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

10. பாகங்கள், தொகுப்புகள், பைண்டு செய்த தொடர்கதைகள்

தனித்தனி அட்டையோடு இருப்பவை தனித்தனிப் பதிவு. ஐந்து பாகம் ஐந்து புத்தகமாக இருந்தால் ஐந்து பதிவு. தலைப்புக்குப் பின் ‘பாகம் 01’, ‘பாகம் 02’ என்று சேருங்கள். மூன்றாம் பாகத்தை மட்டும் யாராவது வாங்கிப்போகும்போது ஏன் என்று புரியும். ஐந்தும் ஒரே கட்டில் இருந்தால் ஒரே பதிவு.

பலர் எழுதிய தொகுப்பில் தொகுத்தவர் பெயரே முதன்மை. உள்ளே உள்ள கதைகளின் பெயர்களைக் குறிப்புக் கட்டத்தில் எழுதலாம். எல்லாத் தொகுப்புக்கும் இதைச் செய்யப் போனால் பட்டியல் முடியாது. நீங்கள் அடிக்கடி தேடும் தொகுப்புகளுக்கு மட்டும், அதுவும் முதல் சுற்று முடிந்த பிறகு செய்யுங்கள்.

பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தவை நம் வீடுகளில் இருக்கின்றன. அவற்றை அந்த நாவலின் அச்சுப் புத்தகமாகப் பதிந்துவிடாதீர்கள். புத்தகப் பதிப்பில் விட்டுப்போன ஓவியங்கள் பல அந்தப் பைண்டில் மட்டும்தான் இருக்கும். பதிப்பகம் என்ற இடத்தில் பத்திரிகையின் பெயரை எழுதி, ‘தொடர்கதைப் பைண்டு’ என்று குறிச்சொல் கொடுங்கள். முதல் இதழ், கடைசி இதழ் தேதிகள் தெரிந்தால் சேருங்கள். நடுவில் ஏதாவது வாரம் இல்லாமல் இருந்தால் அதையும் எழுதுங்கள். இத்தகைய பைண்டின் உட்பக்க ஓவியம் ஒன்றைப் படமெடுத்து அட்டைப்படமாக ஏற்றிவிட்டால் பட்டியலில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

11. குறிச்சொற்கள்

இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். பட்டியலைப் பதிவு தொடங்கும் முன்பே எழுதிவைத்து அதிலிருந்து மட்டும் எடுங்கள். ‘சிறுகதை’, ‘சிறுகதைகள்’, ‘சிறுகதைத் தொகுப்பு’ என்று மூன்று வளர்ந்துவிட்டால் எந்த ஒன்றும் முழு விவரம் தராது. எல்லாவற்றையும் ஒருமையில் வைப்பது எளிது.

தனிக் கட்டம் உள்ளவற்றுக்குக் குறிச்சொல் வேண்டாம். மொழிக்கு மொழிக் கட்டம் இருக்கிறது. ஆசிரியர் பெயருக்கும் இருக்கிறது.

நூலகங்களின் டூயி எண்முறையை வீட்டில் பின்பற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். அந்த முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்று தொடங்கும். தமிழ் இலக்கியமே அதிகம் உள்ள வீட்டில் அலமாரி முழுக்க ஒரே எண்ணாக நிற்கும். பிரித்தறியப் புள்ளிக்குப் பின் நீண்ட வால் வைக்க வேண்டும். இடக்குறியீடும் நல்ல குறிச்சொல்லும் அதைவிடச் சீக்கிரம் புத்தகத்தைக் கையில் தரும்.

ஆசிரியர் வரிசையைப் பார்க்கும்போது ஒன்று தெரிந்திருக்கட்டும். யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால் ஜகரம் சகரத்துக்கு அடுத்தே வரும், நம் அகராதிகளில் போல் கடைசியில் வராது. ஜகரத்தில் தொடங்கும் பெயர்கள் காணாமல்போகவில்லை, மேலே பாருங்கள்.

12. பதிந்ததற்கு அடையாளம்

பதிந்த புத்தகத்தின் பின் உள்ளட்டையில், மேல் மூலையில், மென்பென்சிலால் ஒரு சிறு குறி இடுங்கள். வேலை பாதியில் நின்று ஒரு மாதம் கழித்துத் தொடரும்போது எதுவரை முடிந்தது என்று இதுதான் சொல்லும். மை வேண்டாம், தாளில் ஊறும். செல்லோடேப் மஞ்சளாகி உரியும்போது அட்டையையும் சேர்த்து உரிக்கும். மைதா பசையில் ஒட்டிய சீட்டு ராமபாணப் பூச்சிக்கு அழைப்பு.

இடக்குறியீட்டைப் புத்தகத்தில் எழுதாதீர்கள். தட்டின் விளிம்பில் எழுதி ஒட்டுங்கள். புத்தகம் இடம் மாறும், தட்டு மாறாது.

13. இரவல்

யாராவது புத்தகம் கேட்டால், அவர் வாசலைத் தாண்டும் முன் பதியுங்கள். லைப்ரரிதிங்கில் ஒவ்வொரு பதிவிலும் இரவல் விவரத்துக்கு இடம் உண்டு. பெயரும் தேதியும் போதும். ‘ராத்திரி எழுதிக்கலாம்’ என்று விட்டவைதான் திரும்பி வராத புத்தகங்கள். மாதம் ஒரு முறை இரவலில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

14. பட்டியலின் நகலை எடுத்துவையுங்கள்

ஒவ்வொரு ஐம்பது அறுபது பதிவுக்கும் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முழுப் பட்டியலையும் ஏற்றுமதி செய்து உங்கள் கணினியில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். பழையதை அழிக்க வேண்டாம். தவறுதலாக மொத்தமாக எதையாவது மாற்றிவிட்டால் பழைய கோப்புதான் காப்பாற்றும்.

அந்தக் கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறலாம். ஐஎஸ்பிஎன் எண்கள் 9.78-இல் தொடங்கும் சுருக்க எண்ணாகும். பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்களில் அந்தப் பூச்சியமே போய்விடும். அப்படியே சேமித்துவிட்டால் மீட்க முடியாது. எக்செலை வெறுமனே திறந்து, தரவு இறக்குமதி வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். எழுத்துக் குறியீடு கேட்கும்போது யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் உரையாகக் குறியுங்கள். வெறுமனே பார்ப்பதற்கென்றால் ஒரு நகலைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றிப் பார்ப்பது எளிது.

அதே கோப்பைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். புத்தகக் காட்சி அரங்குகளுக்குள் கூட்டத்தில் இணையம் கிடைக்காது. வாங்கும் முன் பார்க்க அந்தக் கோப்பு உதவும். வாங்கி வந்த புத்தகங்களை அலமாரிக்குள் நேரே வைக்காமல், மேசை மேல் ஒரு கூடை வைத்து அதில் போடுங்கள். பதிந்த பிறகே தட்டுக்குப் போக வேண்டும். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும்படி எழுதிவையுங்கள். அந்தத் தாளை நான்காம் படியில் எழுதிய விதிப் பக்கத்தோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு, உறை இருக்கும் இடத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.